அது பாசம் இல்லை, மீட்டர் வட்டி

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் பேசுற மாதிரியே பேசிடறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

'வயசுப் பிள்ளைகளின் பாதுகாப்பு' பத்திப் பேசச் சொன்னாங்க. இந்தத் தலைப்பு என்றாலே நாம் பெண் பிள்ளைகளைப் பத்தித்தான் பேசுவோம். ஃபோன் பார்க்காதே, சிரிச்சுப் பேசாதே, நேரத்தோட வீடு வந்து சேரு. நான் இன்னைக்கு ஒரு பையனைப் பத்திப் பேசப் போறேன். அவன் வேற யாரும் இல்லை, என் மகன்.

பேசலாமா என்று அவனிடம் கேட்டேன். "என் பேரை மட்டும் சொல்லாதம்மா" என்றான். என் மகன் என்று சொன்னாலே பாதிப் பேருக்குத் தெரிஞ்சிடும். ஆனாலும் வாக்குக் கொடுத்துட்டேன், பேர் சொல்லலை. அந்தப் பொண்ணு எந்த ஊரு, எந்தக் கம்பெனி என்பதையும் சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவும் வேணாம்.

இங்கே இருக்கிறவங்களில் பாதிப் பேர் பாலிஹவுஸில் ரோஜா வேலை பார்த்திருப்பீங்க. நானும் ஏழு வருஷம் பார்த்தேன். ஜனவரி கடைசி வந்தா நமக்கு லீவே கிடையாது. பிப்ரவரி 14-க்கு ஆர்டர் குவியும். தாஜ்மஹால் ரோஜாவை மொட்டிலேயே வெட்டி, தண்டு நீளம் பார்த்துப் பிரிச்சு, இருபது பூ ஒரு கட்டாக் கட்டி, கோல்டு ரூமுக்கு அனுப்புவோம். நாம் கட்டின பூ கடல் தாண்டி யாரோ ஒரு பொண்ணு கைக்குப் போகும். ஊர் உலகத்துக் காதலுக்கெல்லாம் பூ கட்டிக் கொடுக்கிற நாம, நம்ம வீட்டில் அந்த வார்த்தை வந்தா கதவைச் சாத்திக்கிறோம். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

என் மகன் ஐ.டி.ஐ. முடிச்சு சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போனான். அங்கே பஸ்ஸில் பழக்கமான பொண்ணு. நல்ல பொண்ணு, நானே பார்த்திருக்கேன். ஒரு வருஷம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் அவனுக்கு ஒப்பந்தம் முடிஞ்சது. அந்தப் பொண்ணுக்கு வேற கம்பெனியில் இன்னும் நல்ல சம்பளத்தில் வேலை கிடைச்சது. அங்கேதான் ஆரம்பம்.

ராத்திரி பத்து மணிக்கு வாசல்ல உட்கார்ந்து ஃபோன் பேசுவான். எனக்கு அரைகுறையாக் காதில் விழும். "பஸ்ல உன் பக்கத்துல யாரு?" "கேமராவைத் திருப்பு, பார்க்கிறேன்." "பன்னெண்டு மணிக்கு ஆன்லைன்ல இருந்தியே, யார்கிட்ட பேசின?" முதல்ல ஃபோன் பாஸ்வேர்டு கேட்டிருக்கான். அவ கொடுத்துட்டா. அப்புறம் கூட வேலை செய்யற ஆம்பளைங்க நம்பரை எல்லாம் அழிக்கச் சொன்னான். அழிச்சா. அப்புறம் எந்தத் தோழி கூடச் சேரணும், எந்த டிரஸ் போடணும் என்று சொன்னான். கடைசியில் ஷிஃப்ட் வேலையே வேணாம், விட்டுடு என்றான். ஒரு நாள் அவ ஃபோன் எடுக்கலை. நாற்பத்திரண்டு தடவை கூப்பிட்டிருக்கான். அப்புறம் ஒரு மெசேஜ், "நீ பேசலைன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்."

இதெல்லாம் நடக்கும்போது நான் என்ன நினைச்சேன் தெரியுமா? 'பாவம், பையன் எவ்வளவு பாசமா இருக்கான், இவதான் அலையவிடறா' என்று நினைச்சேன். உண்மையைச் சொல்றேன். பதினெட்டு வருஷம் குழுவில் இருக்கேன். குடும்ப வன்முறைப் பயிற்சிக்கு மூணு தடவை போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கேன். அடிச்சாத்தான் வன்முறை என்று மனசுக்குள்ளே இருந்திருக்கு. என் மகன் அடிக்கலையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொண்ணோட அம்மா என் வீட்டுக்கு வந்தாங்க. அவங்களும் ஒரு குழுவில் இருக்கிறவங்கதான். சண்டைக்கு வந்திருப்பாங்கன்னு நான் இடுப்பில் முந்தானையைச் சொருகிட்டு நின்னேன். அவங்க உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "அக்கா, என் பொண்ணு மூணு மாசமா சரியாச் சாப்பிடலை. ஃபோன் அடிச்சாலே கை நடுங்குது. வேணாம்னு சொல்லிட்டா. ஆனா விட மாட்டேங்கறான். வாங்கின கடனைக் கட்டினா மீட்டர் வட்டிக்காரன்கூட விட்டுடுவான். இதுக்கு நாங்க என்ன கட்டணும்?"

எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. ஏன்னா மீட்டர் வட்டி என்னன்னு நமக்குத் தெரியும். நாம் குழு ஆரம்பிச்சதே அதில் இருந்து தப்பிக்கத்தானே?

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் நம்ம மாவட்டத்தில்தான் தொடங்கின. அப்போ இது தர்மபுரி மாவட்டம். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆச்சு. நம்ம மூத்த அக்காக்கள் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று சேர்த்து வெச்சது எதுக்கு? வட்டிக்காரன் வாசல்ல வந்து நிக்கக்கூடாதுன்னு.

அந்த வட்டிக்காரன் எப்படி வருவான்? முதல் நாள் நம்மைவிட நம்ம மேல அக்கறையா வருவான். "அவசரம்னா கேளும்மா, நான் இருக்கேன்" என்பான். அப்புறம் ஒரு வெத்துப் பேப்பரில் கையெழுத்து. அப்புறம் ரேஷன் கார்டு. அப்புறம் ஏ.டி.எம். கார்டு. எவ்வளவு கட்டினாலும் அசல் அப்படியே நிக்கும். கடைசியில் "தெருவுல சொல்லி மானத்தை வாங்கிடுவேன்" என்பான். அந்த வெட்கத்தை வெச்சுத்தான் அவன் பிழைப்பே நடக்குது.

இப்போ என் மகன் செஞ்சதை வரிசையாப் பாருங்க. முதல்ல அக்கறை. அப்புறம் பாஸ்வேர்டு. அப்புறம் தோழிகள். அப்புறம் வேலை. எவ்வளவு விட்டுக் கொடுத்தாலும் சந்தேகம் அப்படியே நிக்குது, அசல் குறையவே இல்லை. கடைசியில் "உங்க வீட்டுல சொல்லிடுவேன், நாம சேர்ந்து எடுத்த ஃபோட்டோ என்கிட்ட இருக்கு." ஆமாம், அதையும் சொல்லியிருக்கான். எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

இதை வெளிநாட்டிலும் இப்படித்தான் பார்க்கிறாங்க. இங்கிலாந்தில் 2015-இல் ஒரு சட்டம் போட்டாங்க. கை வைக்காவிட்டாலும், நெருங்கிய உறவில் இருக்கிறவரைத் தொடர்ந்து கட்டுப்படுத்தி, மிரட்டி வாழ்ந்தாலே குற்றம் என்று. ஒரு காயமும் இல்லாமலே ஒருத்தரைச் சிறைப்படுத்த முடியும் என்பதைச் சட்டமே ஒத்துக்கிட்டது.

'அப்போ காதலில் கோபமே வரக்கூடாதா, பொறாமையே வரக்கூடாதா' என்று கேட்பீங்க. வரும். வராத மனுஷன் யாரு? திருக்குறளில் காமத்துப்பாலின் கடைசியில் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று மூணு அதிகாரம் இருக்கு, முப்பது குறள். அதில் ஒரு பொண்ணு வர்றா. அவன் தும்மினதும் வாழ்த்துறா, உடனே "உன்னை யார் நினைச்சதாலே தும்மினே?" என்று கேட்டு அழறா. படிச்சா சிரிப்பு வரும். இன்னைக்கு 'ப்ளூ டிக் வந்துருச்சு, ஏன் பதில் போடலை' என்று கேட்கிறதும் அதே சண்டைதான்.

ஆனா ஊடலுக்கு ஒரு முடிவு இருக்கு. கோவிச்சுக்குவாங்க, சேர்ந்துக்குவாங்க. அந்தச் சண்டையில் யாரும் வேலையை இழக்கலை. யாரும் தோழியை இழக்கலை. யாருக்கும் கை நடுங்கலை. சந்தேகத்துக்கு அப்படி முடிவு கிடையாது. ஒண்ணு கொடுத்தா இன்னொண்ணு கேட்கும். மனசுக்குள்ளே பொறாமை வர்றது தப்பில்லை. அது வந்ததும் அடுத்தவங்க ஃபோனையும் காலையும் கட்டிப்போடறதுதான் தப்பு. இது பையன்கள் மட்டும் செய்யறதும் இல்லை. பொண்ணுங்க செய்யறதையும் நான் பார்த்திருக்கேன். நாள்கணக்கில் பேசாமல் தண்டிக்கிறது, பிளாக் பண்ணிட்டு அழவிடறது, கையை அறுத்துக்குவேன்னு மிரட்டறது, எல்லாம் அதே கணக்குதான்.

இந்தப் பக்கத்தில் இது ஏன் கூடுதலா இருக்கு என்று நான் யோசிச்சுப் பார்த்தேன். ஓசூர், பாகலூர், அந்தப் பக்கம் மாலூர், அத்திப்பள்ளி வரைக்கும் கம்பெனிகள். வெளி மாவட்டம், வெளி மாநிலத்தில் இருந்து பிள்ளைகள் வந்து ரூம் எடுத்துத் தங்கறாங்க. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் ஒரே பஸ்ஸில். பொண்ணுங்க கைக்கு முதல் தடவையா மாசச் சம்பளம் வருது. பையனுக்கோ ஒப்பந்த வேலை, அடுத்த மாசம் இருக்குமா தெரியாது. என் மகனைப் பிடிச்சு உட்காரவெச்சுக் கேட்டப்போ, ரொம்ப நேரம் கழிச்சு அவன் சொன்னது இதுதான்: "பயமா இருந்துச்சும்மா. அவ என்னைவிட மேல போயிடுவா, என்னை விட்டுடுவான்னு."

அந்தப் பயத்தைச் சொல்ல அவனுக்கு ஒரு இடம் இல்லை. நான் கேட்டதும் இல்லை. ஆம்பளைப் பையன் அழுதா நாமதானே 'பொம்பளை மாதிரி அழாதே' என்கிறோம்? அழ விடாத பயம் அதிகாரமா வெளியே வருது. இதைச் சொல்றது அவனுக்கு வக்காலத்து வாங்க இல்லை. அவன் செஞ்சது தப்பு. ஆனா எங்கே இருந்து வந்ததுன்னு தெரிஞ்சாத்தானே நிறுத்த முடியும்?

இப்போ பொண்ணுங்க பக்கம் வருவோம். மூணு மாசம் அந்தப் பொண்ணு ஏன் வீட்டில் சொல்லலை? அவங்க அம்மாவே சொன்னாங்க: "சொன்னா வேலையை நிறுத்திடுவோம், அவசரமா மாப்பிள்ளை பார்த்துடுவோம்னு பயந்திருக்கா. நிஜமாவே அப்படித்தான் செஞ்சிருப்போம் அக்கா."

அந்தப் பயம் சும்மா வந்தது இல்லை. 2018 நவம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்ம ஓசூர் பக்கம் சூளகொண்டப்பள்ளியைச் சேர்ந்த பையனும் பொண்ணும், சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. இரண்டு பேர் உடலும் கர்நாடகாவில் சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் கிடைச்சது. பெண் வீட்டுச் சொந்தங்களே கைதானாங்க. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வீட்டில் வாய் திறக்குமா? "உங்க வீட்டுல சொல்லிடுவேன்" என்ற ஒரு வார்த்தை என் மகனுக்கு எப்படி ஆயுதம் ஆச்சு? அதைச் செஞ்சு அவன் கையில் கொடுத்தது நாமதான், அக்கா. வீட்டில் சொல்ல முடிஞ்சிருந்தா, அந்த மிரட்டலுக்கு விலையே இருந்திருக்காது.

'வேண்டாம்' என்ற சொல்லைத் தாங்க முடியாதவன் எதுவரைக்கும் போவான் என்பதையும் நாம் பார்த்திருக்கோம். 2012 நவம்பரில் காரைக்காலில் ஒரு பொறியாளர் பொண்ணு, கல்யாணத்துக்கு மறுத்ததற்காக முகத்தில் அமிலம் வீசினான். மூணு மாசம் போராடி 2013 பிப்ரவரியில் இறந்துபோனா. 2022 அக்டோபர் 13 அன்று சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவியை ஓடுற ரயில் முன்னால் தள்ளினான் ஒருத்தன். செய்தி பார்த்து நாம் எல்லாரும் "அவனைத் தூக்கில போடணும்" என்று சொன்னோம். நானும் சொன்னேன். அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாளே, அவளும் 'என் பையன் பாசக்காரன்'னு நினைச்சிருப்பாளோ என்று இப்போ தோணுது. என் மகன் அந்த அளவு போயிருக்க மாட்டான் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனா அந்தப் பொண்ணோட கை நடுங்கினது உண்மை.

அன்னைக்கு சாயந்திரம் நான் செஞ்சதைச் சொல்றேன். அவனைக் கூப்பிட்டு, "அவ வேணாம்னுட்டா. அது முடிஞ்சது. இனிமே நீ கூப்பிடக் கூடாது, பின்னால போகக் கூடாது, ஃபிரண்டை விட்டும் பேசக் கூடாது. ஃபோட்டோ எல்லாம் இப்பவே என் முன்னால அழி. நீ மறுபடி தொல்லை கொடுத்தா, அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு மகளிர் ஸ்டேஷனுக்கு நானே போவேன்" என்றேன். கத்தினான். "நீ என் அம்மாவா, அவ அம்மாவா?" என்றான். அந்த வார்த்தை ரொம்ப வலிச்சது. அழிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனா அதோட விடலை. 'உயிரோட இருக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தானே, அது வெறும் மிரட்டலா, நிஜமாவா? எனக்குத் தெரியாது. எந்த அம்மாவுக்கும் தெரியாது. அதனால் இரண்டையும் நிஜமா எடுத்துக்கணும். அந்தப் பொண்ணைப் பொறுத்தவரை அது மிரட்டல், அதுக்குப் பயந்து அவ திரும்ப வரக்கூடாது. அவனைப் பொறுத்தவரை அது உதவி கேட்கிறது, அது நான் பார்க்க வேண்டிய வேலை. அந்தப் பொண்ணு வேலை இல்லை. அந்த ராத்திரி அவனைத் தனியா விடலை. மறுநாள் 14416-க்குப் போட்டோம். டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். முதல் தடவை நான்தான் பேசினேன். இரண்டாவது தடவை அவனே கதவைச் சாத்திக்கிட்டுப் பேசினான். அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்த்தோம்.

அவங்க இரண்டு பேரும் சேரலை. சினிமா மாதிரி முடிவு எதிர்பார்க்காதீங்க. அந்தப் பொண்ணு அதே வேலையில் இருக்கா, இப்போ லைன் லீடர். என் மகனுக்கு எழுந்து நிக்க ஒரு வருஷம் ஆச்சு. இப்போ மாலூர் பக்கம் வேலைக்குப் போறான். போன மாசம் ஒரு நாள் தானாவே சொன்னான், "அவ கையெழுத்துப் போடாத பத்திரத்துக்கு நான் வட்டி கேட்டுட்டு இருந்தேன்மா." நான் ஒண்ணும் சொல்லலை.

சட்டத்தையும் சுருக்கமாச் சொல்லிடறேன், குறிச்சுக்கங்க. விருப்பம் இல்லைன்னு தெளிவாச் சொன்ன பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது, திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது, அவளுடைய இணையப் பயன்பாட்டை வேவு பார்ப்பது குற்றம். புதிய பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 78-வது பிரிவு. முதல் தடவை 3 வருஷம் வரை, மறுபடி செஞ்சா 5 வருஷம் வரை சிறை. கல்யாணம் ஆகாமல் கணவன் மனைவி போல ஒரே வீட்டில் வாழறவங்களுக்கும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டம் சொல்லாலும் மனசாலும் செய்யற கொடுமையையும் வன்முறை என்றுதான் சொல்லுது. உதவிக்குப் பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112, சைபர் தொல்லைக்கு 1930, பதினெட்டு வயசுக்குக் கீழே என்றால் 1098. இந்த எண்களைக் குழுத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைங்க.

கடைசியா உங்ககிட்ட மூணு வேண்டுகோள்.

ஒண்ணு, பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் இன்னைக்கு ராத்திரியே ஒரு வாக்குக் கொடுங்க. பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே சொல்லணும். "பாப்பா, யார் மிரட்டினாலும் எங்கிட்ட சொல்லு. அதுக்காக உன் படிப்பை நிறுத்த மாட்டேன், வேலையை நிறுத்த மாட்டேன், அவசரக் கல்யாணம் பண்ண மாட்டேன்." சொன்னா அதைக் காப்பாத்தணும். ஒரு தடவை மீறினா மறுபடி பிள்ளை வாய் திறக்காது.

இரண்டு, பையன் இருக்கிற வீட்டில். நம்ம குழுவில் ஒரு உறுப்பினர் விலகணும்னா என்ன செய்றோம்? கணக்கு முடிச்சு, அவங்க சேமிப்பை அவங்க கையில் கொடுத்து அனுப்பறோம். கஷ்டமா இருந்தாலும் அனுப்பறோம். காதலும் அப்படித்தான்னு பையனுக்குச் சொல்லிக் கொடுங்க. ஒருத்தி 'வேண்டாம்' என்றால், அவ வேலை, அவ தோழி, அவ மானம், அவ ஃபோட்டோ எல்லாத்தையும் அவகிட்டயே விட்டு, வழியையும் விடணும். அது தோல்வி இல்லை. அவன் அழட்டும். அழும்போது பக்கத்தில் உட்காருங்க.

மூணு, மாசத்தில் ஒரு கூட்டத்தில், கடன் வசூல் முடிஞ்ச பிறகு பத்து நிமிஷம் இதைப் பேசுவோம். பேர் சொல்ல வேணாம், ஊர் சொல்ல வேணாம். அங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டோம் என்பதையும் தீர்மானமா எழுதிக்குவோம். வட்டிக்காரனை நாம் எப்படி ஜெயிச்சோம்? தனித்தனியா வெட்கப்படறதை விட்டுட்டு, வட்டமா உட்கார்ந்து கணக்கைச் சத்தமாப் படிச்சோம். இதையும் அப்படித்தான் ஜெயிக்கணும்.

அந்தப் பொண்ணோட அம்மா இன்னைக்கு இந்தக் கூட்டத்தில் இருக்காங்க. எங்கே உட்கார்ந்திருக்காங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அன்னைக்கு நீங்க சண்டை போடாமல் என் வாசப்படி ஏறி வந்தீங்க. அதனால் இரண்டு பிள்ளைகள் இன்னைக்கு நல்லா இருக்காங்க. உங்களுக்குத்தான் என் முதல் நன்றி.